இங்கிலாந்தில் ஏ-லெவலுக்கு மதம், தத்துவம், அறவியல்: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் மகள் சென்னையில் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு நாங்கள் லண்டன் வந்து இறங்கினோம். ஆகஸ்ட் இரண்டாவது வாரம். கையில் மதிப்பெண் பட்டியல், டி.சி., அப்புறம் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அசட்டுத் தைரியம். இரண்டு வாரம் ஏழு பள்ளிப் படி ஏறி இறங்கினோம். செப்டம்பர் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது ஓர் இடம் கிடைத்தது. ஏ-லெவலுக்கு, அதாவது இங்கே பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்புக்கு, அவள் எடுத்த மூன்று பாடங்களில் ஒன்று ரிலிஜியஸ் ஸ்டடீஸ். மதம், தத்துவம், அறவியல் மூன்றும் சேர்ந்தது. அது என்ன பாடம், எப்படிப் படிப்பது, எந்தப் புத்தகம் வாங்குவது என்று சொல்ல எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் கணிதம், வேதியியல் பக்கம்.

அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

1. முதலில் பிள்ளையின் பிறந்த தேதியைப் பாருங்கள்

இங்கே வகுப்பை முடிவு செய்வது மதிப்பெண் அல்ல, வயது. ஆகஸ்ட் 31ஆம் தேதிக்குள் 16 வயது முடிந்திருந்தால், அந்தச் செப்டம்பரில் 12ஆம் ஆண்டு. அதாவது சிக்ஸ்த் ஃபார்ம் என்று இங்கே சொல்லும் ஏ-லெவல் வகுப்புகளின் முதல் வருடம். என் மகள் ஜூலையில் பிறந்தவள், தப்பித்தோம். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அக்டோபரில் பிறந்தவள். அவள் வந்திருந்தால் 11ஆம் ஆண்டில் உட்கார வேண்டும். அது ஜிசிஎஸ்இ, அதாவது நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற தேர்வு எழுதும் வருடம். மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு வருடம் படித்து முடித்த பாடத்திட்டத்தின் நடுவில் போய் விழ வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட தேதியில் பிறந்த பிள்ளை என்றால், விமான டிக்கெட் போடும் முன்பே யோசியுங்கள்.

ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 18 வயதாகிவிட்ட பிள்ளையை ஏ-லெவலில் சேர்க்க முயலாதீர்கள். அந்த வயதுக்கு அரசு தரும் நிதி குறைவு, பள்ளிகள் தயங்கும். பிளஸ் டூ மதிப்பெண்ணை நேரடியாக ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அந்த வழியைப் பாருங்கள்.

2. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒரே பாடத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஒரு பள்ளியில் "ரிலிஜன், ஃபிலாசஃபி அண்ட் எதிக்ஸ்", இன்னொன்றில் "ஃபிலாசஃபி அண்ட் எதிக்ஸ்", வேறொன்றில் "தியாலஜி". சான்றிதழில் வருவது மட்டும் "ரிலிஜியஸ் ஸ்டடீஸ்". பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் அந்தப் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்குப் பக்கத்தில் "ஃபிலாசஃபி" என்று தனியாக ஓர் ஏ-லெவல் இருக்கிறது. அது வேறு பாடம். ஏக்யூஏ என்ற போர்டு, அதாவது தேர்வு வாரியம், மட்டும் நடத்துவது. அறிவு என்றால் என்ன, மனம் என்றால் என்ன என்று போகும். கடவுளும் ஒழுக்கமும் அதிலும் வரும், ஆனால் எந்த மதத்தையும் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. பள்ளியில் "ஃபிலாசஃபி" என்று வாயில் சொன்னால், இரண்டில் எது என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம். அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் எல்லா மாணவருக்கும் மதக் கல்வி என்று ஒரு பொது வகுப்பு உண்டு, சிக்ஸ்த் ஃபார்மிலும் உண்டு. கத்தோலிக்கப் பள்ளிகளில் அதைக் கறாராகவே நடத்துவார்கள். அது தேர்வுப் பாடம் அல்ல. பிடிக்காவிட்டால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம். அந்த வகுப்பைப் பார்த்துவிட்டு "ஏ-லெவலும் இப்படித்தான் இருக்கும்" என்று நினைத்து ஓடிவிடாதீர்கள்.

3. "எந்த போர்டு?" என்று கேளுங்கள்

பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நான் கேட்கவில்லை. கேட்காமலேயே பழைய புத்தகக் கடையில் ஏக்யூஏ புத்தகம் இரண்டு வாங்கி வந்து, பெருமையாக மேசையில் வைத்தேன். அவள் பள்ளியில் நடத்தியது ஓசிஆர்.

நம் ஊரில் சிபிஎஸ்இ, மாநில வாரியம் என்று பள்ளி முழுவதும் ஒரே வாரியத்தில் இருக்கும். இங்கே பாடத்துக்குப் பாடம் போர்டு மாறும். ரிலிஜியஸ் ஸ்டடீஸை ஓசிஆர், ஏக்யூஏ, எடெக்செல், எட்யூகாஸ் என்று நான்கு போர்டுகள் நடத்துகின்றன. தேர்வின் வடிவமே வேறு வேறு.

ஓசிஆரில் மூன்று தாள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 120 மதிப்பெண். மதத் தத்துவம் ஒன்று, அறவியல் ஒன்று, ஏதாவது ஒரு மதத்தின் சிந்தனை வளர்ச்சி ஒன்று. ஒவ்வொரு தாளிலும் நான்கு கேள்வியில் மூன்றுக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 40 மதிப்பெண் கட்டுரை. ஏக்யூஏவில் இரண்டே தாள், ஆனால் ஒவ்வொன்றும் 3 மணி நேரம். அங்கே 10, 15, 25 மதிப்பெண் என்று கேள்விகள் உடைந்து வரும். எடெக்செல்லில் மூன்று தாள், 80 மதிப்பெண் வீதம், கொடுக்கப்பட்ட மூலப் பகுதியைப் படித்து எழுதும் கேள்வியும் இருக்கும்.

எதிலும் ப்ராஜெக்ட் மதிப்பெண் கிடையாது. இரண்டு வருடப் படிப்பு முழுவதும் கடைசி மே, ஜூனில் எழுதும் தேர்வில்தான் நிற்கிறது.

இரண்டாவது கேள்வி: "எந்த மதம்?" இந்து மதத்தை இந்த நான்கு போர்டுகளிலும் தேர்ந்தெடுக்கலாம் என்று பாடத்திட்டத்தில் இருக்கும். அதைப் பார்த்து நானும் ஆசைப்பட்டேன். ஆனால் தேர்ந்தெடுப்பது மாணவர் அல்ல, பள்ளி. ஆசிரியருக்கு எது வருமோ அதைத்தான் நடத்துவார்கள். நாங்கள் பார்த்த ஏழில் ஆறு பள்ளிகளில் கிறிஸ்தவம், ஒன்றில் இஸ்லாம்.

4. ஆவணங்கள்

இவற்றை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு ஃபைலில் போடுங்கள்:

- பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அசல். ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டும் இருந்தால் நல்லது.
- டி.சி., பிறப்புச் சான்றிதழ்.
- தலைமை ஆசிரியரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம், பள்ளியின் லெட்டர்ஹெட்டில், பள்ளியின் மின்னஞ்சல் முகவரியோடு. இது இல்லாமல்தான் நாங்கள் அதிகம் அலைந்தோம். இங்கே "ரெஃபரன்ஸ்" கேட்காத பள்ளி இல்லை. நாங்கள் இங்கே இருக்க, ஊர்ப் பள்ளியிலிருந்து கடிதம் வாங்குவது எப்படி என்று என் தம்பியைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வான்.
- பாஸ்போர்ட், அப்புறம் இ-விசாவின் ஷேர் கோடு, அதாவது உங்கள் விசா நிலையைப் பள்ளி இணையத்தில் சரிபார்க்க நீங்கள் எடுத்துத் தரும் குறியீடு. முன்பு தந்த பிளாஸ்டிக் அட்டை இப்போது இல்லை. ஷேர் கோடு 90 நாள்தான் செல்லும், பள்ளி கேட்கும்போது புதிதாக எடுத்துக் கொடுத்தால் போதும்.
- முகவரிச் சான்று: கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) பில் அல்லது வாடகை ஒப்பந்தம். வந்த புதிதில் பில் எதுவும் உங்கள் பெயரில் இருக்காது. அதனால் வாடகை ஒப்பந்தத்தில் பெற்றோர் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

நம் மதிப்பெண் ஜிசிஎஸ்இக்கு ஈடா என்று சில பள்ளிகள் கேட்கும். அதற்கு யூகே எனிக் என்ற அமைப்பிடம் கட்டணம் கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். எல்லாப் பள்ளியும் கேட்காது, எனவே கேட்டபின் விண்ணப்பியுங்கள். நான் முந்திக்கொண்டு வாங்கினேன், அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆங்கிலம் தனிக் கதை. இந்தப் பாடத்துக்கு ரிலிஜியஸ் ஸ்டடீஸில் ஜிசிஎஸ்இ இல்லாவிட்டாலும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் ஜிசிஎஸ்இ 5 அல்லது 6 தரம் (9தான் உச்சம்) வேண்டும் என்பார்கள். நம் மதிப்பெண்ணை நம்பாமல் தாங்களே ஒரு கட்டுரை எழுதச் சொல்லலாம். ஆங்கிலமும் கணிதமும் ஜிசிஎஸ்இ 4ஆம் தரத்துக்கு ஈடாக ஏற்கப்படவில்லை என்றால், ஏ-லெவலோடு சேர்த்து அவற்றையும் படிக்க வேண்டும். அந்தச் சுமையையும் கணக்கில் வையுங்கள்.

5. எப்போது விண்ணப்பிப்பது

முறைப்படி வருகிறவர்களுக்கு, முந்தைய அக்டோபர், நவம்பரில் "ஓப்பன் ஈவினிங்" என்று ஒரு சாயங்காலம் பள்ளியைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். விண்ணப்பம் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். பள்ளிக்குப் பள்ளி தேதி மாறும். நேரடியாகப் பள்ளிக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

எங்களைப் போல ஆகஸ்டில் வந்து இறங்கினால் ஒரே ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. ஜிசிஎஸ்இ முடிவு ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரு வியாழக்கிழமை வரும். அன்றும் மறுநாளும்தான் சேர்க்கை. இடம் பிடித்துவைத்த பிள்ளைகள் சிலர் தரம் குறைந்தோ, வேறு பள்ளிக்கோ போய்விடுவார்கள், இடம் காலியாகும். அன்று மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு பிள்ளையோடு நேரில் போய் நில்லுங்கள். எங்களுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். ரிலிஜியஸ் ஸ்டடீஸில் பெரும்பாலும் இடம் இருக்கும், கணிதத்தில்தான் அடிதடி.

6. செலவு

பெற்றோர் வேலை விசாவில் இருக்க, கூட வந்த பிள்ளை என்றால் அரசு நிதிப் பள்ளியில் கல்விக் கட்டணம் பொதுவாக இல்லை. விசா வகையைச் சொல்லிப் பள்ளியில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் முறை எழுதும் தேர்வுக்கும் பணம் கேட்பதில்லை. திரும்ப எழுதினால் கேட்கலாம்.

புத்தகம்: புதிது ஒன்று முப்பது பவுனை ஒட்டி வந்தது, பழையது ஐந்தாறு பவுன். பழையது வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, போர்டு. இரண்டு, வருடம். இப்போதைய பாடத்திட்டம் 2016 செப்டம்பரில் தொடங்கியது, முதல் தேர்வு 2018இல். அதற்கு முந்தைய புத்தகமும் வினாத்தாளும் உங்கள் பிள்ளையைத் திசை மாற்றிவிடும்.

பாடத்திட்டம், பழைய வினாத்தாள், மதிப்பீட்டுக் குறிப்பு, தேர்வாளர் அறிக்கை எல்லாம் போர்டின் தளத்தில் இலவசம். தேர்வாளர் அறிக்கையைக் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் எங்கே வழுக்கி விழுந்தார்கள் என்று தேர்வு வைத்தவர்களே எழுதியிருப்பார்கள். மணிக்கு நாற்பது பவுன் கேட்ட டியூஷன் ஆசிரியர் சொன்னதைவிட அதில் அதிகம் இருந்தது.

லண்டனில் இருந்தால் 16+ ஸிப் ஆய்ஸ்டர் அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள், பேருந்து இலவசம்.

7. முதல் கட்டுரை: நம் பிள்ளைகள் விழும் இடம்

மகளின் முதல் கட்டுரைக்கு 40க்கு 13. வீட்டில் துக்கம். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் 98 வாங்கியவள்!

கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். உலகின் இருப்பிலிருந்து கடவுளை நிறுவும் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது கேள்வி. அவள், கடவுள் இருக்கிறார் என்று காட்ட தாமஸ் அக்வினாஸ் என்ற இடைக்கால இறையியலாளர் சொன்ன ஐந்து வழிகளையும் ஒன்று விடாமல், நம் ஊர்ப் பாணியில் பாயிண்ட் பாயிண்டாக, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். பாடத்திட்டத்தில் அந்த வாதத்துக்கு வருவது முதல் மூன்று வழிகள். ஐந்தாவது வேறு தலைப்பில், உலகின் ஒழுங்கிலிருந்து கிளம்பும் வாதத்தில் வரும். நான்காவது பாடத்திலேயே இல்லை. பாதிக் கட்டுரை வீண்.

அதைவிடப் பெரிய பிழை வேறு. ஓசிஆரில் 40இல் 16தான் தெரிந்ததைச் சொல்வதற்கு. மீதி 24 வாதத்துக்கு. மற்ற போர்டுகளிலும் மொத்தத்தில் வாதத்துக்கே 60 சதவீதம். எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் பாதியைத் தாண்ட முடியாது. அவள் கட்டுரையில் "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார், ஆக இரண்டு பக்கமும் நியாயம் உள்ளது" என்று முடித்திருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் பட்டிமன்றம் நினைவுக்கு வந்தது. "பட்டிமன்றத்தில் நீ பேச்சாளர் இல்லை, நடுவர். ஆனால் கடைசியில் 'ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான் குடும்பம்' என்று இரண்டு அணியையும் சிரிக்க வைத்து அனுப்பும் நடுவர் இல்லை. முதல் வரியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டு, ஏன் என்று கடைசிவரை காட்டும் நடுவர்" என்றேன். ஆசிரியர் மூன்று வாரமாக ஆங்கிலத்தில் சொன்னதும் இதேதான். அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆன்செல்ம் என்ற துறவியின் வாதம் பாடத்தில் வரும். இதைவிடப் பெரியது ஒன்றை நினைக்கவே முடியாது என்ற அந்த ஒன்றே கடவுள். நினைப்பில் மட்டும் இருப்பதைவிட நிஜத்திலும் இருப்பது பெரிது. ஆகவே கடவுள் இருந்தாக வேண்டும். கௌனிலோ என்பவர் கேட்கிறார்: அப்படியானால், ஒப்பற்ற தீவு ஒன்றை நான் நினைத்தால் அதுவும் எங்காவது இருந்தாக வேண்டுமா? இதுவரை எழுதினால் தெரிந்ததைச் சொல்வது. "தீவு எடுத்துக்காட்டு சரியாக இறங்கவில்லை. எந்தத் தீவிலும் இன்னொரு தென்னையை நட்டு இன்னும் நல்லதாக்கலாம், அதற்கு உச்சம் என்று ஒன்று இல்லை. ஆனால் 'இருக்கிறது' என்பது ஒரு பொருளின் பண்பே அல்ல என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ட் அடிக்கும் அடியை ஆன்செல்மால் தாங்க முடியாது" என்று எழுதினால் அது வாதம். ஒவ்வொரு பத்தியிலும் இப்படி ஒரு வெட்டு விழ வேண்டும். கடைசிப் பத்தியில் மட்டும் விழுந்தால் போதாது.

நேரம் இன்னொரு பொறி. ஓசிஆரில் கட்டுரைக்கு 40 நிமிடம். அதற்குள் யோசித்து, கையால் மூன்று, நான்கு பக்கம் எழுத வேண்டும். 12ஆம் ஆண்டின் ஜனவரியிலிருந்து வாரம் ஒன்று, கடிகாரம் வைத்து எழுதினாள். முதலில் ஒன்றரை மணி நேரம் ஆனது.

அறிஞர் பெயர்களுக்கு அட்டை போட்டுக்கொள்வது நல்லது. ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் அவர் சொன்னது ஒரு வரி, அவரை மறுப்பவர் யார் என்று ஒரு வரி. மறுப்பவர் பெயர் இல்லாத அட்டையால் பயன் இல்லை.

8. வீட்டில் முன்பே பேசிவிட வேண்டியவை

"மதம் மாற்றிவிடுவார்களா?" என்று என் மாமியார் தொலைபேசியில் கேட்டார். இல்லை. நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் எல்லாரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்கிறார்கள். உங்கள் நம்பிக்கை என்ன என்று தேர்வில் கேட்பதில்லை, காரணத்தைத்தான் கேட்கிறார்கள். நாத்திக வாதமும் அதே பாடத்தில் முழுதாக இருக்கிறது. மனப்பகுப்பாய்வு மருத்துவர் ஃப்ராய்டு மதத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு வந்து மகள் ஒரு வாரம் பூஜை அறைப் பக்கம் போகவில்லை. அப்புறம் அவளே போனாள். நான் எதுவும் கேட்கவில்லை.

அறவியல் தாளில் கருணைக்கொலை வரும். திருமணத்துக்கு முந்தைய உறவு, ஓரினச்சேர்க்கை ஆகியவை குறித்து அறக்கோட்பாடுகள் என்ன சொல்கின்றன என்றும் ஓசிஆரில் வரும். சாப்பாட்டு மேசையில் திடீரென்று இதைக் கேட்டு என் கணவருக்குப் புரையேறியது. பாடத்திட்டத்தை நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள். வீட்டில் அண்மையில் மரணமோ நீண்ட நோயோ இருந்திருந்தால், எந்த வாரம் எந்தத் தலைப்பு என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

9. "இதைப் படித்து என்ன செய்வாள்?"

பல்கலைக்கழகப் புள்ளிக் கணக்கில் எல்லா ஏ-லெவலும் ஒன்றே. ஏ தரத்துக்கு 48 புள்ளி, அது இயற்பியலோ ரிலிஜியஸ் ஸ்டடீஸோ. ரஸ்ஸல் குழு என்ற கூட்டமைப்பில் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் "வழி திறக்கும் பாடங்கள்" என்று ஒரு பட்டியல் வைத்திருந்தன, அதில் இந்தப் பாடம் இல்லை. 2019இல் அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டார்கள். ஆனால் நம் வாட்ஸாப் குழுக்களில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மருத்துவம் போக நினைத்தால் வேதியியலும் பெரும்பாலும் உயிரியலும் வேண்டும். மூன்றாவதாக இதை வைத்துக்கொள்ளப் பல கல்லூரிகள் தடை சொல்வதில்லை. பொறியியல் என்றால் கணிதத்தை விட்டுவிட்டு இதை எடுக்காதீர்கள். சட்டம், அரசியல், ஆங்கிலம், தத்துவம் பக்கம் போகிறவர்களுக்கு இது வசதி.

ஒரு தேதி: 12ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளியே வைக்கும் தேர்வை வைத்துத்தான், ஏ-லெவலில் என்ன தரம் வரும் என்ற கணிப்புத் தரத்தை ஆசிரியர்கள் எழுதுவார்கள், பல்கலைக்கழகங்கள் பார்ப்பது அதை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் 13ஆம் ஆண்டின் அக்டோபர் நடுவில் விண்ணப்பம் முடிந்துவிடும்.

10. பள்ளியில் இடம் இல்லாவிட்டால்

தனித் தேர்வராக எழுதலாம். ப்ராஜெக்ட் இல்லாததால் இந்தப் பாடத்தில் அது எளிது. தனித் தேர்வர்களைச் சேர்க்கும் தேர்வு மையத்தை நீங்களே தேட வேண்டும். கட்டணம் மையத்துக்கு மையம் மாறும், சில நூறு பவுன் எடுத்து வையுங்கள். பதிவு வழக்கமாகப் பிப்ரவரி 21க்குள் முடியும், ஆனால் மையங்கள் அதற்கு முன்பே கதவை மூடிவிடும். நவம்பரிலேயே கேளுங்கள். தாமதமானால் கூடுதல் கட்டணம்.

11. பெயர், கடைசியாக ஆனால் கவனமாக

மகளின் பத்தாம் வகுப்புப் பட்டியலில் அவள் பெயருக்கு முன் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அவள் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். பள்ளி முதலில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பதிந்துவிட்டது. தேர்வுக்கு முன் பெயர், பாடம், தாள் எல்லாம் அச்சிட்ட ஒரு பதிவுத் தாள் தருவார்கள். அதை அவள் பையிலிருந்து தற்செயலாக எடுத்துப் பார்த்ததால் பிழை தெரிந்தது. தேர்வு அலுவலரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி ஐந்து நிமிடத்தில் மாற்றினோம். சான்றிதழ் அச்சான பிறகு என்றால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி அலைச்சல். அந்தத் தாள் வந்த அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், தாள் எண்ணையும் சேர்த்து. எடுத்த மதம் வேறு, பதிந்த தாள் வேறு என்று இருந்தாலும் அங்கேதான் தெரியும்.